இறப்போருக்கு ஈந்தோர்

1948ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 25ஆம் திகதி, இலண்டன் மாநகரத்து வைத்தியசாலை ஒன்றிலே டேவிட் தஸ்மா என்பவர் புற்றுநோயினால் இறந்தார். வயது நாற்பது. போலந்து நாட்டின் வார்சோ நகரத்து யூதர். இலண்டனிலே உணவுச்சாலையிற் பரிமாறும் தொழில் செய்தவர். கட்டிலருகே வந்திருக்கச் சுற்றத்தவர் எவரும் இல்லாதவர். அவருடைய மரணசாசனத்தின்படி ஐந்நூறு பவுண் பணம் சிசிலி சோண்டர்ஸ் என்னும் பெண்மணியைச் சேர்ந்தது.

சோண்டர்ஸ் அம்மையார் அப்பொழுது வைத்தியரல்லர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே தாதியாகப் பயின்று, முதுகு நோவினால் அப்பணியைக் கைவிட்டு, வைத்தியசாலைக்கு வரும் நோயாளரின் குடும்ப நலத்தை விசாரிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்திருந்தார். தஸ்மாவை அவர் சந்தித்ததும் அவ்வுத்தியோக முறையிலேதான். சில மாதகாலம் அவரிடஞ் சென்று உரையாடினார். தாம் வாழ்ந்தமைக்கு இவ்வுலகில் ஓர் அடையாளமும் எஞ்சப்போவதில்லை என்பதே தஸ்மாவின் பெருங்கவலையாயிருந்தது. நோவு தணிந்து, மனமும் ஆறி, ஒருவர் அமைதியாக இறப்பதற்கேற்ற இல்லம் எவ்வாறு அமையவேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டனர். அத்தகைய இல்லம் ஒன்றை அம்மையார் எடுப்பாராயின், அதிலே தாம் ஒரு சாளரமாக இருக்க விரும்புவதாகத் தஸ்மா சொல்லிவைத்தார். ஐந்நூறு பவுண் என்பது அக்காலத் தொழிலாளி ஒருவரின் ஓராண்டு ஊதியத்தினும் மிகுந்த தொகை. ஆயினும், ஒரு வைத்தியசாலையைக் கட்டுவதற்கு அது சாளரத்தளவே.

இத்தானத்தின் அருமை விளங்கவேண்டுமானால், நேயர்களே, ஈகையின் பழைய சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

ஈவோர் பயனைக் கண்ணாற் காண விரும்புவர். இது குற்றமன்று; மனித இயல்பு. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்திலே நம் முன்னோர் செய்துவைத்த தருமங்களை நினைத்துப் பாருங்கள். வழிப்போக்கன் இளைப்பாற மடம், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, நாவறண்டவனுக்குத் தண்ணீர்ப்பந்தல், மாடு நீர் அருந்தக் கேணி, அதன் முதுகுத் தினவு தீர ஆவுரோஞ்சிக்கல். மாட்டின் தினவுக்கும் இரங்கிய நெஞ்சம் எத்துணை விரிந்த நெஞ்சம்! ஆயினும் இவை யாவும், பயன் பெற்றவர் எழுந்து நடந்துபோகும் தருமங்கள். தண்ணீர் குடித்தவன் முகம் மலர்ந்து போவான். சுமை இறக்கியவன் மீண்டும் சுமந்து நடப்பான். இறந்துகொண்டிருப்பவனோ எழுந்து போவதில்லை. அவனுக்கு ஈந்தவர், ஈந்ததன் பலன் இது என்று எதனைச் சுட்டிக் காட்டுவார்? நம்மிடையே இறப்பவரைப் பேணுவது குடும்பத்தின் கடனாக இருந்தது. ஊராரின் தருமம் அவர் இறந்த பின்னரே, பாடை கட்டுவதிலே, தொடங்கியது. குடும்பம் உள்ளவருக்கு இவ்வொழுங்கு போதுமானதாயிருந்தது. இல்லாதவர் நிலை வேறு.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலிலே, வீரராசேந்திர சோழன் காலத்து, அஃதாவது பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினைந்து கட்டில்களைக் கொண்ட ஆதுலர் சாலைக்கு, வைத்தியன் ஒருவன், அறுவை செய்பவன் ஒருவன், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு இத்துணை நெல், இத்துணைக் காசு என்று அக்கல்லிலே விதித்திருக்கிறார்கள். ஆண்டு தோறும் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அங்கே காணப்படும். நோய் தீர்ப்பதற்குரிய ஏற்பாடு அது. மிகச் சீரிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

மேலைநாட்டிலே இன்று இறப்போரைப் பேணும் இல்லத்தை ‘ஹொஸ்பிஸ்’ என்பர். இலத்தீன் மொழியிலே ‘ஹொஸ்பெஸ்’ என்னும் ஒரு சொல்லே விருந்தினனையும் குறிக்கும், விருந்தோம்புவானையும் குறிக்கும். அதனடியாகப் பிறந்தது இப்பெயர். இடைக்காலத்து ஹொஸ்பிஸ்கள் யாத்திரிகர் தங்கும் மடங்களே. நெடுவழி நடந்து வந்தோர் நோயுற்று அங்கேயே இறத்தலும் உண்டு. வந்தவர் யார் என்று கேளாது கஞ்சியும் படுக்கையும் கொடுத்தவர்கள், அவர் இறக்கும்போது கூட இருந்தார்கள், அவ்வளவே.

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலே போன் என்றொரு சிறு நகரம். அங்கே 1443ஆம் ஆண்டில், பர்கண்டிக் கோமகனின் பேரமைச்சராயிருந்த நிக்கொலா ரோலன் என்பவரும் அவர் மனைவியாரும் ஏழை நோயாளர்க்கென ஓர் இல்லம் நிறுவினர். நெடும்போரும் பஞ்சமும் அந்நாட்டை அலைத்த காலம் அது. அழியும் செல்வத்தைக் கொடுத்து அழியாச் செல்வத்தை வாங்கிக்கொள்வதாக அமைச்சர் தம் சாசனத்திலே ஒளிவு மறைவின்றி எழுதினார். அமைச்சர் தம் வரியினால் ஏழைகளாக்கியவர்கள் பலராதலின், அவர்களுக்கு அவர் ஒரு வீடு கட்டுவது தக்கதே என்று பதினோராம் லூயி மன்னன் எள்ளியதாகவும் ஒரு கதை வழங்குகின்றது.

அவ்வில்லத்தின் பெருமண்டபம் இன்றும் உண்டு. இருமருங்கும் வரிசையாகக் கட்டில்கள். மண்டபத்தின் ஒரு தலைப்பில் வழிபாட்டு இடம். படுத்தபடியே வழிபாட்டைக் காணவேண்டும் என்பது நோக்கம். அங்கே வைப்பதற்கென ரோகியர் வான் டெர் வெய்டன் என்னும் ஓவியர் இறுதித் தீர்ப்பு நாளைப் பல பலகைகளிலே தீட்டினார். தேவதூதர் தராசிலே ஆன்மாக்களை நிறுக்கின்றார். ஒரு சாரார் ஒளியை நோக்கிச் செல்கின்றனர். மறுசாரார் நெருப்பிலே வீழ்கின்றனர். ஞாயிறும் திருநாளும் வரும்போது பலகைகள் திறக்கப்பட, நோயாளர் அதனைக் கண்டனர். சாகக் கிடக்கும் ஏழைக்கு இக்காட்சி ஆறுதல் அளித்ததா, அச்சம் அளித்ததா? இரண்டும் அளித்திருக்கலாம். எவ்வாறாயினும், அன்றைய ஈகையின் கண் நோயாளனின் உடல்நோவிலே நிலைத்திருக்கவில்லை. அவன் ஆன்மாவிலும், ஈந்தவருடைய ஆன்மாவிலுமே நிலைத்திருந்தது. அதற்காக அதனைப் பழித்தல் தகாது. நிறுவியவர்கள் எண்ணியது நிலைத்தது. பின்வந்தோர் பலர் திராட்சைத் தோட்டங்களை அவ்வில்லத்துக்கு எழுதிவைத்தனர். 1859ஆம் ஆண்டு முதல் அத்தோட்டங்களின் மதுவை ஏலமிட்டு, வரும் பணத்தைத் தருமத்துக்குச் செலவிடுகின்றனர். நவம்பர் மாதத்து மூன்றாம் ஞாயிறு தோறும் நடைபெறும் அவ்வேலம் இன்று உலகப் புகழ் பெற்றது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டிலே அங்கே செல்வரும் வணிகரும் ஒருங்குகூடித் தரும வைத்தியசாலைகளை எடுத்தனர். ஆண்டுச் சந்தாவாகச் சில கினி கொடுத்தவருக்கு, நோயாளரைச் சிபார்சு செய்யும் உரிமை கிடைத்தது. சந்தாதாரரின் கடிதம் பெற்றுவந்த ஏழைக்கே கட்டில். ஆண்டறிக்கையிலே குணமடைந்தோர் இத்தனை பேர், ஓரளவு நலமடைந்தோர் இத்தனை பேர், இறந்தோர் இத்தனை பேர் என்று அச்சிட்டுச் சந்தாதாரருக்கு அனுப்புவர். குணமடைந்தோர் தொகை பெருகினாலன்றோ அடுத்த ஆண்டிலும் பணம் வரும்? ஆதலினாலே, தீரா நோயினரையும் இறக்குந் தறுவாயில் உள்ளோரையும் அனுமதிக்கலாகாது என்று பல வைத்தியசாலைகள் விதி எழுதிக்கொண்டன. சிலவற்றிலே, நோயாளி இறந்தால் அடக்கச் செலவை யார் ஏற்பார் என்பதற்கு முன்கூட்டியே பிணை கேட்கப்பட்டது. வைத்தியர் இரக்கமற்றவர் என்பதன்று. கொடையின் கணக்குப் புத்தகத்திலே இறப்பவருக்குப் பத்தி இல்லை, அதுதான் காரியம். ஈகை என்னும் நல்வினையே ஒரு கதவைச் சாத்துதலும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன். கதவு சாத்தப்பட்டவர்கள், போக்கிடமின்றி, ஏழைகளின் தொழிற்சாலை எனப்பட்ட அரசாங்க அநாதை விடுதிகளிலே சென்று கிடந்து இறந்தனர்.

தீரா நோயினருக்கென்றே ஒரு வைத்தியசாலை 1854ஆம் ஆண்டில் இலண்டனிலே தொடங்கப்பட்டது. பின்னர்ப் பட்னி என்னும் இடத்திலே நிலைத்தது. நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் அதற்கு ஆதரவு தேடிப் பேசியவர்களுள் ஒருவர். அங்கே இடம் பெறுவது எப்படி? தேர்தலினால். சந்தா செலுத்தியவருக்கு வாக்கு உண்டு. விண்ணப்பித்த நோயாளர்க்குள் மிகுந்த வாக்குப் பெற்றவருக்கே கட்டில். கைகால் முடங்கிக் கிடந்தவருக்காக உறவினரும் நண்பரும் வீடு வீடாகக் கடிதம் எழுதி வாக்குக் கேட்டனர். தோற்றவர் அடுத்த தேர்தல் வரை காத்திருந்தார். நம் நாட்டிலே தேர்தல் பல கண்டிருக்கிறோம். இத்தகைய தேர்தலைக் கண்டதில்லை.

வேறு வகையான ஈகை வேறு இடத்திலே பிறந்தது. பிரான்சின் லியோன் நகரிலே, கணவனையும் இரு பிள்ளைகளையும் இளவயதிலேயே பறிகொடுத்த ஜான் கார்னியே என்னும் பெண்மணி, 1842ஆம் ஆண்டில் தம்போன்ற கைம்பெண்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். தீராப் புண்களோடு வைத்தியசாலைகளால் விடப்பட்ட பெண்களைத் தம் இல்லத்திலே ஏற்றுப் புண் கழுவிப் பேணுவது அச்சங்கத்தின் பணி. இறப்போர் இல்லத்துக்கு ஹொஸ்பிஸ் என்னும் பெயரை இக்காலப் பொருளிலே முதன்முதல் வழங்கியவர் இவரென்பர். இங்கே ஈவோர் சந்தா மாத்திரம் கொடுத்தவர் அல்லர். தம் கையையும் கொடுத்தவர். இழந்தவர் இழக்கப்போகின்றவரை அறிவார் என்பதற்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை.

அயர்லாந்திலே, தரும சகோதரிகள் என்னும் கன்னியர் சபையினர் 1879ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து ஹரல்ட்ஸ் குறொஸ் என்னுமிடத்திலே தங்கள் மடத்தை இறப்போர் இல்லமாக்கினர். அச்சபையினரே 1905ஆம் ஆண்டில், இலண்டனின் கிழக்கே, தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஹக்னியிலே, புனித சூசையப்பர் இல்லத்தைத் திறந்தனர். இதற்கிடையில், 1893ஆம் ஆண்டிலே, ஹவார்ட் பரெட் என்னும் வைத்தியர் மெதடிஸ்த திருச்சபையின் துணையுடன் இலண்டனிலே புனித லூக்கா இல்லத்தை நிறுவினார். பரெட்டும் ஆண்டறிக்கை எழுதினார். அவருக்கும் பணம் வேண்டியிருந்தது. ஆனால் குணமடைந்தோர் தொகையை அவர் எதனைக் கொண்டு காட்டுவார்? அங்கே குணமடைந்தோர் இலர். ஆகவே அவர் மனிதரைப் பற்றி எழுதினார். இன்ன தொழிலாளி வந்தான், அவன் குடும்பம் இவ்வாறிருந்தது, அவன் இவ்வாறு பேசினான், இவ்வாறு இறந்தான் என்று ஒவ்வொருவராக எடுத்துரைத்தார். இலக்கத்துக்குப் பணங்கொடுத்துப் பழகிய உலகம் மனிதனுக்கும் பணங்கொடுக்கக் கற்றுக்கொண்டது இவ்வறிக்கைகளினாலே எனலாம்.

சோண்டர்ஸ் அம்மையார் 1948ஆம் ஆண்டிலே சென்று மாலை வேளைகளிற் சம்பளமின்றித் தொண்டு செய்தது இப்புனித லூக்கா இல்லத்திலேதான். பரெட்டின் பழைய அறிக்கைகளை அவர் படித்தார். அறிக்கைகளினும் பெரிதொன்றையும் அங்கே கண்டார். பிற வைத்தியசாலைகளிலே நோயாளி நோவு தாங்காது அலறிய பின்னரே மோர்பின் கொடுப்பர். பழகிவிடும் என்னும் பயத்தினால் அதனையும் குறைத்துக் கொடுப்பர். புனித லூக்கா இல்லத்திலோ தாதியர் கடிகாரத்தைப் பார்த்து, நோவு தலைதூக்குமுன்னே, நேரந் தவறாது வாய்வழியே மருந்து கொடுத்தனர். நோயாளர் மயங்கிக் கிடக்கவில்லை, பேசினார்கள், சாப்பிட்டார்கள். இவ்வுண்மையை உலகம் ஏற்கச் செய்யவேண்டுமாயின் வைத்தியராகவே பேசவேண்டும் என்று அறுவை வைத்தியர் ஒருவர் அறிவுரை கூற, அம்மையார் தமது முப்பத்துமூன்றாம் வயதிலே, 1951ஆம் ஆண்டில், வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். 1957ஆம் ஆண்டிலே தேறினார். அடுத்த ஆண்டு முதல் 1965 வரை, தரும நிதியம் ஒன்றின் உதவிப் பணத்தைக் கொண்டு, ஹக்னியிலே கன்னியரின் இல்லத்தில் நூற்றுக்கணக்கான நோயாளரின் நோவையும் மருந்தையும் குறித்துக் குறித்து ஆராய்ந்தார். நோவு உடலைச் சார்ந்தது மாத்திரமன்று. மனமும், குடும்பமும், பணமுடையும், நம்பிக்கையும் அதிலே பின்னிக் கிடக்கின்றன என்பதை ‘முழு நோவு’ என்னும் தொடரினாற் குறித்தார்.

ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். தஸ்மாவின் ஐந்நூறு பவுண் இத்துணைக் காலமும் காத்திருந்தது. தஸ்மா இறந்து ஐந்து மாதம் நிரம்புமுன்னே, 1948ஆம் ஆண்டு யூலை 5ஆம் திகதி, பிரித்தானியாவிலே தேசிய சுகாதார சேவை தொடங்கியது. வைத்தியம் யாவர்க்கும் இலவசம் என்றாயிற்று. இனித் தருமப் பணம் எதற்கு என்று கேட்டவர் உண்டு. ஆனால் அம்மையார் தம் இல்லத்தை அச்சேவைக்கு வெளியே, தனித் தரும நிறுவனமாக அமைக்கத் துணிந்தார். பெரிய வைத்தியசாலைகளின் ஒழுங்குக்குள் நின்றுகொண்டு புதுமுறையைச் சோதித்தல் இயலாது. வெளியே சென்று கற்றுக்கொண்டதைப் பின்னர் உள்ளே கொண்டுவரலாம் என்பது அவர் கணிப்பு. 1961ஆம் ஆண்டில் நிறுவனம் பதிவாயிற்று. தரும நிதியங்களுக்கும், பழைய வணிகக் கழகங்களுக்கும், அறிந்தோர்க்கும் அறியாதோர்க்கும் கடிதம் எழுதுவதிலே பல ஆண்டு கழிந்தது. இறுதியாக, தென் இலண்டனின் சிடன்ஹாம் பகுதியிலே, 54 கட்டில்களோடு, புனித கிறிஸ்தோபர் இல்லம் 1967ஆம் ஆண்டு யூலை 24ஆம் திகதி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. சாளரம் கிடைத்த பின்னர் அதனைச் சுற்றி வீட்டைக் கட்டப் பத்தொன்பது ஆண்டு சென்றன என்று அம்மையார் கூறுவதுண்டு. 1969ஆம் ஆண்டு முதல் அங்குள்ள தாதியர் நோயாளரின் வீடுகளுக்கும் செல்லத் தொடங்கினர். அம்மையார் 2005ஆம் ஆண்டு யூலை 14ஆம் திகதி அவ்வில்லத்திலேயே இறந்தார்.

இதற்குப் பின்னர் ஹொஸ்பிஸ்கள் நாடெங்கும் முளைத்தன. அவை பெரும்பாலும் அவ்வவ்வூரார் எடுத்தவை. பழைய உடுபுடவையும் புத்தகமும் தளபாடமும் விற்கும் கடைகள், நெடுந்தூர ஓட்டங்கள், நினைவு மலர், மரணசாசனம் என்று பல வழியாற் பணம் வந்தது. இன்றும் பிரித்தானியாவின் வயதுவந்தோர்க்கான ஹொஸ்பிஸ்கள் பெறும் பணத்தில் அரசாங்கம் கொடுப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. விலைவாசி ஏறி, ஈவோர் கை சுருங்கியபோது கட்டில்களை மூடவேண்டிய நிலை சிலவற்றுக்கு நேர்ந்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பரிலே இங்கிலாந்தின் ஹொஸ்பிஸ்களுக்குக் கட்டடத்துக்கும் கருவிகளுக்குமென அரசாங்கம் 10 கோடி பவுண் அறிவித்தது இந்நெருக்கடியின் நடுவிலேதான். பிரசவ விடுதியை எவரும் பழைய துணி விற்று நடத்துவதில்லை. பிறப்புக்கு வரிப்பணம், இறப்புக்கு உண்டியற் பணம் என்னும் இப்பிரிவினை நியாயமானதா என்று அந்நாட்டார் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். கேட்பது முறையே. ஆனால், எல்லாவற்றையும் அரசாங்கம் ஏற்றுக்கொண்டாற் போதும் என்று முடிவு கட்டுவதற்கு முன்னர், நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தைப் பார்த்தல் வேண்டும்.

1993ஆம் ஆண்டில், கோழிக்கோடு வைத்தியக் கல்லூரியைச் சார்ந்து, வைத்தியர்களான எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும், நண்பர் சிலரும் சேர்ந்து, நோவு தணிக்கும் பராமரிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். முதலிலே ஒரு சிறு மருந்தகந்தான். நோயாளர் நெடுந்தூரத்திலிருந்து வந்தனர். சில மாதத்தில் வர இயலாதவராயினர். வர இயலாத நிலையிலன்றோ அவர்க்குப் பராமரிப்பு மிகவும் வேண்டும்? ஆகவே, அந்நூற்றாண்டின் இறுதியிலே, மலப்புறம் மாவட்டத்திலும் அயற்பகுதிகளிலும், அயலவரையே திரட்டும் முறை உருவாயிற்று. ஆசிரியர், மாணவர், கடைக்காரர், கூலித்தொழிலாளர், இல்லத்தரசியர் ஆகியோர் பயிற்சி பெற்றுத் தத்தம் ஊரிலே படுக்கையிற் கிடப்பவரைக் கண்டறிந்தனர். வாரந்தோறும் சென்று பேசினர். படுக்கைப் புண்ணைக் கழுவ வீட்டாருக்குக் கற்பித்தனர். சமைக்க அரிசியில்லாத வீட்டுக்கு அரிசி கொண்டு சென்றனர். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வாங்கிக் கொடுத்தனர். ஐந்து ரூபா, பத்து ரூபா என்று கடைகளின் உண்டியல்களிலும் வீட்டு வாயில்களிலும் சேர்ந்த பணமே தாதியின் சம்பளத்துக்கும் வாகன வாடகைக்கும் பயன்பட்டது. யாழ்ப்பாணத்திலே நாள்தோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்துப் பாடசாலையும் மடமும் நடத்திய பிடியரிசி முறையை அறிந்தவர்க்கு இது புதியதன்று. புதியது, அப்பிடியரிசி இங்கே சாகக் கிடப்பவனை நோக்கிச் சென்றமையே.

போன் நகரத்து அமைச்சர் தாம் பேணியவரின் பெயரை அறியார். இலண்டனின் சந்தாதாரர் கடிதத்திலே பெயரைக் கண்டார். மலப்புறத்திலே உண்டியலிற் காசிட்டவர், அக்காசு எந்த ஒழுங்கையில் எந்த வீட்டுக்குச் செல்கின்றது என்பதை அறிவார். தாமும் ஒருநாள் அவ்வுண்டியலின் உதவியை நாட நேரலாம் என்பதையும் அறிவார்.

ஆயினும் அயலவரின் அன்பு ஒன்றைச் செய்ய இயலாது. மோர்பினை அது வரவழைக்க இயலாது. சட்டப்படி அபினிச் செடி பயிரிடும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. எனினும் 1985ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போதைப்பொருட் சட்டம் பல அனுமதிப் பத்திரங்களைக் கேட்டதனால், வைத்தியசாலைகள் மோர்பினைக் கைவிட்டன; தன் நாட்டிலே விளைந்த மருந்து தனக்குக் கிட்டாமல் ஏழை துடித்தான். இராஜகோபாலும் பிறரும் பல்லாண்டு வாதாடியபின், 2014ஆம் ஆண்டிலே அச்சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்னர், 2008ஆம் ஆண்டில், கேரள அரசாங்கம் இப்பராமரிப்பைத் தன் கொள்கையாக ஏற்று, உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பிலே வீடு தேடிச் செல்லும் தாதியரை நியமிக்க வழிசெய்தது. மருந்தையும் சட்டத்தையும் சம்பளத்தையும் அரசாங்கம் தரவேண்டும். மாலை நேரத்தில் வந்து கட்டிலருகே அமரும் மனிதனை அயலூரே தரவேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதே என் கருத்து.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் மக்களுக்கு இத்தகைய பராமரிப்பு வேண்டியிருக்கின்றது. அதனைப் பெறுவோர் 100க்கு 14 பேர் மாத்திரமே.

நம் இலங்கையிலே, மகரகமவில், இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவண இல்லம் இப்பணியைச் செய்துவருகின்றது. 2019ஆம் ஆண்டுக்கும் 2023ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக்கென, நோவு தணிக்கும் பராமரிப்பை நாடெங்கும் வளர்ப்பதற்கு ஒரு தேசியத் திட்டமும் வகுக்கப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கொடுக்க நம்மவர் பின்னிற்பவரல்லர்; 2011ஆம் ஆண்டிலே, தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் நாட்கணக்காக நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினர். தாய் தந்தையரின் நினைவு நாளிலே முதியோர் இல்லத்துக்கும் வைத்தியசாலைக்கும் ஒருநாட் சோறு கொடுப்பதும் வடக்கிலும் தெற்கிலும் உள்ள வழக்கமே. அச்சோறு வரும் நாளில் ஒரே இல்லத்துக்கு இரண்டு குடும்பங்கள் கேட்டு நின்று, ஒரு குடும்பத்தைக் காலை உணவுக்கும் மற்றதை இராவுணவுக்கும் மாற்றிவிடுதலும் உண்டு. புண் கட்டும் துணிக்கும், காற்றடைத்த படுக்கைக்கும், வீடு வீடாகச் செல்லும் தாதியின் பயணச் செலவுக்கும் அவ்வாறு முறைவைத்துக் கேட்போரைக் காண்பது அரிது. நினைவு நாட் காசிலே ஒரு பங்கை இவற்றுக்கு ஒதுக்க விரும்புவோர், இல்லத்தாரிடம் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்லலாம். அவர்கள் தரும் பட்டியலிலே பெரும்பாலும் சோறு இராது.